ராக் பாடகரின் குரல் காலப்போக்கில் எப்படி மாறுகிறது? கேட்டும் அளந்தும் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஒரு ராக் பாடகர் அறுபதைத் தாண்டிவிட்டால், "குரல் போயிடுச்சு" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். போனது எது என்று கேட்டால் பதில் வராது. மேல் ஸ்தாயியா, மூச்சா, பழைய கரகரப்பா? அல்லது கிட்டாரின் சுருதியை இறக்கிவிட்டதால் பாட்டே கனத்துக் கேட்கிறதா?

நீண்ட காலம் பாடுகிறவரின் குரல் மாற்றத்தில் நான்கு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன: பதிவுக் கருவி, பாட்டின் சுருதி, உடம்பு, பாடகரின் சொந்த விருப்பம். அவற்றைப் பிரிக்க வேண்டிய வரிசையும் இதுதான். கருவியையும் சுருதியையும் கணக்கில் எடுக்காமல் நேராக உடம்புக்குப் போனால், டேப் வேகமாக ஓடியதை இளமை என்றும் தந்தி தளர்ந்ததை முதுமை என்றும் எழுதிவைப்போம். விருப்பத்தைக் கடைசியில் வைப்பதற்கும் காரணம் உண்டு. மற்ற மூன்றையும் கழித்த பிறகு எஞ்சுவதைத்தான் விருப்பம் என்று சொல்ல முடியும்.

தேவையானவை: மூடிய வகை ஹெட்போன், கணினி, இலவசமாகக் கிடைக்கும் மூன்று மென்பொருள்கள். அலைவடிவத்தை வெட்டிக் கேட்க ஆடாசிட்டி, சுருதிக் கோட்டைப் பார்க்க சோனிக் விஷுவலைசர், பேச்சுக் குரலை அளக்க பிராட். பாட்டிலிருந்து குரலை மட்டும் பிரிக்க அல்டிமேட் வோக்கல் ரிமூவர் போன்ற ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பதிவுகளைத் தேர்ந்தெடுப்பது

குறைந்தது 25 ஆண்டுகள் பாடியவராக இருக்கட்டும். அவருடைய ஒரே பாடலின் ஐந்து பதிவுகளை, ஏழெட்டு ஆண்டு இடைவெளியில் தேடி எடுங்கள். இப்படி இரண்டு பாடல்கள் வேண்டும்: உச்சத்தில் அலறும் பாட்டு ஒன்று, நடுத்தர ஸ்தாயியில் மெதுவாக நகரும் பாட்டு ஒன்று. கூடவே, அதே ஆண்டுகளில் அவர் கொடுத்த நேர்காணல்கள். மேல் ஸ்தாயியில் வரும் தேய்மானம் முதல் பாட்டில் தெரியும். அது நடுக்குரல்வரை இறங்கிவிட்டதா என்பதை இரண்டாவது பாட்டு காட்டும். பாடும் தந்திரங்கள் எதுவும் இல்லாத வெறும் குரலுக்குப் பேச்சுதான் சாட்சி.

ஸ்டுடியோ பதிவை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரு வரியைப் பத்துத் தடவை பாடி, நல்ல துண்டுகளை ஒட்டித்தான் அது உருவாகிறது. 1966-இல் அபே ரோடு ஸ்டுடியோவில் கென் டவுன்ஸெண்ட் உருவாக்கிய ஏடிடி முறை, ஒரே குரலை இரண்டாக்கித் தடிமனாக்கும். 1997-இல், பிசகிய சுருதியைத் திருத்தும் மென்பொருளான ஆன்டாரஸ் நிறுவனத்தின் ஆட்டோ-டியூன் வந்தது. அதன்பின் வந்த ஸ்டுடியோ ஆல்பங்களில் சுருதி சுத்தத்தை வைத்துப் பாடகரை எடைபோட வழியே இல்லை. தன் குரல் எப்படிக் கேட்க வேண்டும் என்று பாடகர் ஆசைப்பட்டாரோ அதற்கு ஸ்டுடியோ ஆல்பம் ஆதாரம். அந்த அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரபூர்வ நேரலை ஆல்பங்கள் அதைவிட ஆபத்தானவை. நேரலை என்ற பெயரில் வெளியாகி, பிசிறிய வரிகளை ஸ்டுடியோவில் மறுபடி பாடி ஒட்டியவை ஏராளம். தொலைக்காட்சி, வானொலி நேரடி ஒலிபரப்புகள் மேல். கூட்டத்தில் நின்று யாரோ பதிவு செய்த இரைச்சலான டேப்பில் பொய் குறைவு.

அந்தப் பாட்டு கச்சேரியில் எத்தனையாவதாக வந்தது என்பதையும் குறியுங்கள். மூன்றாவதாக வரும் பாட்டையும் கடைசியில் வரும் பாட்டையும் ஒப்பிட்டால், வயதை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு களைப்பைத்தான் அளப்போம். 1963 பிப்ரவரி 11 அன்று பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்துக்காக ஒரே நாளில் பத்துப் பாடல்கள் பதிவு செய்தார்கள். ஜான் லெனனுக்கு ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கும் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தார்கள். ஆல்பத்தில் இருப்பது முதல் டேக். இரண்டாவது முயற்சியில் குரல் எழவில்லை. 22 வயதுக் குரல்தான், ஆனால் அந்தப் பதிவில் கேட்பது ஒரு நாள் முழுக்கத் தேய்ந்த குரல்.

பாடகரே பழைய பாட்டை மறுபதிவு செய்திருந்தால் அதிர்ஷ்டம். ஜோனி மிட்செல் 1969-இல் பாடிய 'போத் சைட்ஸ் நவ்' பாட்டை 2000-இல் முழு ஆர்க்கெஸ்ட்ராவுடன், கணிசமாகக் கீழே இறக்கிப் பாடினார். ராக்கைவிட நாட்டுப்புறப் பாணிக்கு நெருக்கமானவர் என்றாலும், 31 ஆண்டு மாற்றத்தை ஒரே உட்காரலில் கேட்க இதைவிட நல்ல ஜோடி அபூர்வம். யு2 குழு 2023-இல் தங்கள் 40 பாடல்களை மறுபடி பதிவு செய்தது. போனோவின் குரலை ஆராய நினைப்பவருக்கு அது தயாராகக் கிடைக்கும் பொருள்.

படி 2: வேகம் சரியா என்று பாருங்கள்

பலர் தாண்டிப்போகும் படி இது. டேப் 6 சதவீதம் வேகமாக ஓடினால் எல்லாம் ஒரு அரை ஸ்வரம் (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரம்) ஏறிவிடும், குரலும் வயதில் குறைந்து கேட்கும். இதைத் தெரிந்தே செய்தவர்கள் உண்டு. 1967-இல் வந்த 'வென் ஐ'ம் சிக்ஸ்டி-ஃபோர்' பாட்டில் பால் மெக்கார்ட்னியின் குரல் இளமையாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே டேப்பை வேகமாக்கி, சுமார் அரை ஸ்வரம் ஏற்றினார்கள்.

ரசிகர் டேப்புகளில் வேகத்தைச் சரிபார்க்க நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு: மின் இரைச்சல். ஒலிபெருக்கிகளிலிருந்து வரும் அந்த 'ம்ம்ம்' ஒலி அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 50 ஹெர்ட்ஸ். பாட்டுகளுக்கு நடுவில் அமைதியான சில விநாடிகளை ஆடாசிட்டியில் தேர்ந்தெடுத்து, அலைவரிசை வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். 60-இல் இருக்க வேண்டிய முள் 63.6-இல் நின்றால் டேப் சரியாக ஒரு அரை ஸ்வரம் வேகம். சில சமயம் அடிப்படை ஒலி மங்கி, அதன் இரட்டிப்பான 120 அல்லது 100 மட்டும் தெரியும். அதையும் அளவாக எடுத்துக்கொள்ளலாம்.

பழைய நேர்காணல்களில் இன்னொரு பொறி இருக்கிறது. விநாடிக்கு 24 சட்டம் என்று எடுத்த படச்சுருளை ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காக 25 சட்டத்தில் ஓட்டினால் வேகம் 4 சதவீதம் கூடும். அதாவது முக்கால் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு 'எழுபதுகளில் அவர் குரல் மெல்லியது' என்று கட்டுரை எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள்.

படி 3: சுருதி இறங்கியதா, பாட்டு இறங்கியதா?

வேகத்தைச் சரிசெய்தாயிற்று. இனி கிட்டாரின் அடித்தந்தியைக் கேளுங்கள். சாதாரணச் சுருதியில் அது 82.4 ஹெர்ட்ஸ். அரை ஸ்வரம் இறக்கினால் 77.8, முழு ஸ்வரம் இறக்கினால் 73.4. மேடையில் பாடகருக்கு இடம் கொடுக்கக் குழுக்கள் முதலில் செய்வது இதுதான். கிட்டார்காரர் விரல் வைக்கும் இடம் மாறாது, பார்வையாளருக்கும் பெரிதாகத் தெரியாது, பாடகருக்கு மட்டும் மூச்சுவிட இடம் கிடைக்கும். மெட்டாலிகா பல ஆண்டுகளாக மேடையில் அரை ஸ்வரம் இறக்கித்தான் வாசிக்கிறது.

ஆனால் தந்தி இறங்கியிருப்பதே முதுமைக்குச் சான்று ஆகாது. கன்ஸ் என்' ரோஸஸ் 1987-இல், ஆக்ஸல் ரோஸின் குரல் உச்சத்தில் இருந்தபோதே, முதல் ஆல்பத்தை அரை ஸ்வரம் இறக்கித்தான் பதிவு செய்தது. அந்தக் கனத்த ஒலிக்காகவும் இறக்குவார்கள். எனவே குழுவின் இன்றைய சுருதியை அதே குழுவின் அன்றைய சுருதியோடுதான் ஒப்பிட வேண்டும். ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுவான அளவை வைத்து ஒப்பிட்டால் தப்பாகும்.

ஹாமண்ட் ஆர்கன் என்ற மின் விசைப்பலகை இருக்கும் குழு என்றால் கதை வேறு. பழைய ஹாமண்டின் சுழலும் சக்கரங்கள் மின்சாரத்தின் அலைவேகத்தோடு பூட்டப்பட்டவை. அதைத் தந்தி தளர்த்துவதுபோலத் தளர்த்த முடியாது. அங்கே பாட்டை இறக்க வேண்டுமானால் எல்லோரும் புது இடத்தில் விரல் வைத்து வாசிக்க வேண்டும். திறந்த தந்தியில் முழங்கும் அடையாளமான கிட்டார் வரிகள் அப்போது கெட்டுப்போகும். அதனால் இப்படிப்பட்ட குழுக்கள் பாட்டை இறக்குவதற்குப் பதில் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது உண்டு. டீப் பர்ப்பிளின் 'சைல்ட் இன் டைம்' 1970-இல் இயான் கில்லனின் அலறலுக்காகவே பேர் வாங்கியது. 2002-க்குப் பிறகு அது மேடைக்கு வரவில்லை. கச்சேரிப் பட்டியலில் இல்லாமல்போன பாட்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். சில பாடகர்களிடம் வேறெதையும்விட அதுவே அதிகம் சொல்லும்.

சுருதியைத் தொடாமல் மெட்டை மட்டும் இறக்குவது மூன்றாவது வழி. வாத்தியங்கள் பழைய சுருதியில் இருக்கும். பாடகர் உச்ச ஸ்வரத்துக்குப் பதிலாக அதற்கு மூன்றாவது அல்லது நான்காவது கீழ் ஸ்வரத்தைப் பிடிப்பார், உச்சத்தைப் பின்குரல்காரர் பாடுவார். நேரலை வீடியோவில் உதட்டையும் ஒலியையும் சேர்த்துப் பாருங்கள். உச்ச வரி வரும்போது முன்னால் நிற்பவரின் வாய் மூடியிருக்கும்.

சில சமயம் சுருதி வீழ்ச்சிக்குக் காரணம் முன்பே நடந்த திட்டமிடல் பிழை. ரஷ் குழு 1978-இல் 'ஹெமிஸ்பியர்ஸ்' ஆல்பத்தின் இசையை முழுவதும் வாசித்து முடித்த பிறகுதான், அந்தச் சுருதி கெடி லீயின் குரலுக்கு அளவுக்கு மீறி மேலே இருப்பதைக் கண்டுகொண்டது. முட்டிமோதிப் பாடி முடித்தார். அதற்கடுத்த ஆல்பங்களில் குரல் படிப்படியாக இறங்கி, 1982-இல் 'சிக்னல்ஸ்' வந்தபோது பழைய கீச்சுக் குரல் அடங்கியிருந்தது. அப்போது அவருக்கு வயது 29. வயதைக் காரணம் காட்ட முடியாது.

படி 4: ஒரே ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிரித்துப் பார்ப்பது

முழுப் பாட்டையும் அளக்க வேண்டாம். ஐந்து பதிவுகளிலும் ஒரே சொல்லில் நீளும் ஸ்வரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குறைந்தது ஒன்றரை விநாடி நீள வேண்டும். 'ஆ' அல்லது 'ஓ' உயிரொலியில் இருந்தால் நல்லது. 'ஈ' ஒலியில் மேல் அலைகள் குழப்பும்.

குரலை வாத்தியங்களிலிருந்து பிரித்துச் சேமியுங்கள். பிரித்த கோப்பில் சிம்பலின் சலசலப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும். சுருதியை அளக்க அது தடையில்லை. குரலின் மூச்சுக்கலப்பை அளக்கத்தான் தடை. அதிர்வுக்கு அதிர்வு வரும் நுண்ணிய பிசகை அளக்கக் குரல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஜிட்டர், ஷிம்மர் போன்ற எண்களை இந்தக் கோப்புகளில் எடுக்கவே எடுக்காதீர்கள். அவை அமைதியான அறையில், ஒரே மைக்கில் எடுத்த குரலுக்கானவை. கச்சேரி டேப்பிலும் மென்பொருள் ஒரு எண்ணைத் தரும், மூன்று தசமத்தோடு தரும். அது குப்பை.

ஆடாசிட்டியில் கோப்பைத் திறந்து, அலைவடிவத்திலிருந்து, எந்த நேரத்தில் எந்த அலைவரிசைகள் ஒலிக்கின்றன என்று கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். சாளர அளவு (ஒரு தடவையில் அளக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 2048, மேல் எல்லை 6000 ஹெர்ட்ஸ். 44,100 மாதிரி வேகத்தில் 2048 என்பது ஏறத்தாழ 46 மில்லி விநாடி. நீட்டிய ஸ்வரத்தில் சுருதி மேலும் கீழும் அசைவதுதான் வைப்ராட்டோ; அதன் ஒரு அலை 150 மில்லி விநாடியைச் சுற்றி இருக்கும் என்பதால் அது தெளிவாக நெளியும். சாளரத்தை 8192-க்கு ஏற்றினால் கோடுகள் மெலிந்து அழகாகத் தெரியும், ஆனால் நெளிவு கலங்கிவிடும்.

இப்போது அந்த ஒன்றரை விநாடியை இடமிருந்து வலமாகப் படியுங்கள்.

தொடக்கம். இளம் குரலில் கோடுகள் செங்குத்தான விளிம்போடு சட்டென்று முளைக்கும். தேய்ந்த குரலில் முதலில் புகைபோல மூச்சிரைச்சல், அதற்குள்ளிருந்து கோடுகள் மெல்ல எழும். குரல்நாண்கள் உடனே ஒட்டிச் சேராமல் காற்று கசிவதால் வருவது இது. கீழிருந்து சறுக்கி ஏறுகிறதா என்றும் பாருங்கள். வயதானவர்கள் உச்ச ஸ்வரத்தை நேராகக் குறிவைக்காமல், இரண்டு மூன்று அரை ஸ்வரம் கீழே தொட்டு ஏறுவார்கள். ப்ளூஸ் பாணியிலும் இப்படி ஏறுவது உண்டு என்பதால், முதல் பதிவிலேயே இருந்தால் அதைப் பாணி என்று எழுதுங்கள்.

நடு. கோடு நேராக எத்தனை நேரம் நிற்கிறது, வைப்ராட்டோ எப்போது தொடங்குகிறது? நெளிவுகளை எண்ணி விநாடியால் வகுங்கள். ஒன்றரை விநாடியில் 9 நெளிவு என்றால் விநாடிக்கு 6. பயிற்சி பெற்ற குரல்களில் பெரும்பாலும் 5-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும். வயது ஏற ஏற வேகம் குறையும், அகலம் கூடும். 5-க்குக் கீழே போனால் காது அதை நடுக்கமாக எடுத்துக்கொள்ளும்.

ஒப்பிட ஓர் அளவு வேண்டுமா? ஃப்ரெடி மெர்க்குரியின் குரலைப் பற்றி 2016-இல் வெளியான ஓர் ஒலியியல் ஆய்வு, வாத்தியமில்லாத 21 பதிவுகளிலிருந்து 240 நீண்ட ஸ்வரங்களை அளந்தது. வைப்ராட்டோவின் சராசரி விநாடிக்கு 7.0. வழக்கத்தைவிட வேகம், சீரற்றதும்கூட. அவர் பேசும் குரல் 117.3 ஹெர்ட்ஸ், அதாவது பாரிடோன்காரர்களின் இடம். மேல் ஸ்தாயியில் பறந்தவர் இயல்பில் நடுக்குரல்காரர் என்பது பலருக்கு இன்னும் வியப்பு. 240 ஸ்வரம் அளந்த பிறகே அவர்கள் ஒரு சராசரி சொன்னார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். ஒரே ஸ்வரத்தை அளந்துவிட்டு ஒரு பத்தாண்டைப் பற்றித் தீர்ப்பு எழுத முடியாது. ஒரு பதிவுக்கு எட்டுப் பத்து ஸ்வரமாவது வேண்டும்.

முடிவு. ஸ்வரம் முழு வலிமையோடு வெட்டப்படுகிறதா, தானாக வாடி சுருதி சரிகிறதா? கடைசி கால் விநாடியில் சுருதி சரிவது மூச்சுத் தாங்கல் குறைந்ததன் முதல் அடையாளம். சாதாரணமாகக் கேட்கும்போது எதிரொலி இதை மறைத்துவிடும், கோடு மறைக்காது.

கரகரப்பான குரலில் சுருதி காட்டும் மென்பொருள் திடீரென்று பள்ளத்தில் விழுவதைப் பார்ப்பீர்கள். பயப்பட வேண்டாம். அலறும்போது குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்களும் சேர்ந்து அதிரும். மேலே சொன்ன அதே ஆய்வில், ஒரு ராக் பாடகர் அந்தக் கரகரப்பைப் போலிசெய்து காட்டியபோது, குரல்நாண் மூன்று முறை அதிர்ந்தால் பொய்நாண் ஒரு முறை அதிர்ந்தது அதிவேக வீடியோவில் பதிவானது. மென்பொருள் அந்த மெதுவான அதிர்வைப் பிடித்துக்கொண்டு, சுருதியை மூன்றில் ஒன்றாகவோ பாதியாகவோ காட்டும். ஆணின் அலறலுக்கு மேல் எல்லையை 1100 ஹெர்ட்ஸாகவும் கீழ் எல்லையை 150 ஆகவும் வைத்தால் இந்தத் தொல்லை ஓரளவு குறையும். எஞ்சியதைக் காதால் திருத்துங்கள்.

குரலின் பளபளப்பை மட்டும் பத்தாண்டுகளுக்குக் குறுக்கே ஒப்பிடாதீர்கள். மைக் மாறியிருக்கும், வெளியீட்டுக்கு முன் ஒலியைச் செப்பனிடும் மாஸ்டரிங் மாறியிருக்கும். 1977-இல் பெர்லினின் ஹான்சா ஸ்டுடியோவில் டேவிட் போவியின் ஒரே குரலுக்குத் தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்டி மூன்று மைக் வைத்தார்: ஏறத்தாழ 23 சென்டிமீட்டர், 6 மீட்டர், 15 மீட்டர் தூரங்களில். பாட்டு உரக்கப் போனால்தான் தூரத்து மைக்குகள் திறக்கும். அந்தப் பதிவில் குரல் விரிவதில் பாதி போவியின் நுரையீரல், பாதி அந்த அறை. இரண்டையும் பிரிக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

படி 5: வரிகளுக்குள் ஒளிந்திருக்கும் சமரசங்கள்

இதற்கு ஒரு பென்சில் போதும். ஒரே சரணத்தை ஐந்து பதிவுகளிலும் கேட்டு, மூச்செடுக்கும் இடங்களில் கோடு போடுங்கள். உதாரணத்துக்கு, இளவயதில் நான்கு கோடு விழுந்த இடத்தில் இப்போது ஏழு விழுந்தால், மெட்டு மாறாமலே பாட்டின் நடை மாறிவிட்டது. தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சொற்கள் விழுவதை 'முதிர்ந்த நிதானம்' என்று விமர்சகர்கள் புகழ்வார்கள். அது பல சமயம் மூச்செடுக்கத் திருடிய கால் விநாடி.

உயிரொலிகளையும் கவனியுங்கள். உச்சத்தில் 'ஈ' என்று நெருக்கிப் பாடியவர் பின்னாளில் அதை 'ஏ' பக்கம் திறப்பார். வாய் திறந்தால் குரல்வளைக்கு இறுக்கம் குறையும். சொல்லின் கடைசி அசை பேச்சாக முடிவது, நீண்ட 'ஆ'வை இரண்டு குட்டை 'ஆ'வாக உடைப்பது, மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து மெல்லப் பாடுவது எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

படி 6: உடம்பில் நடப்பது

மத்திய சி-க்கு மேலுள்ள ஏ ஸ்வரத்தைப் பாடும்போது குரல்நாண்கள் விநாடிக்கு 440 முறை மோதுகின்றன. ஒன்றரை மணி நேரக் கச்சேரியில் பாதி நேரம் குரல் எழுகிறது, சராசரி 300 ஹெர்ட்ஸ் என்று வைத்தால்கூட எட்டு லட்சம் மோதல்கள். மேல்தோலுக்கு அடியிலிருக்கும் கூழ் போன்ற மென்படலம்தான் இந்த அடியைத் தாங்குகிறது. அது வீங்கினால் நாண் கனத்து மெதுவாக அதிரும். குரல் தடிக்கும். மென்மையாகப் பாடும் மேல் ஸ்வரங்கள் முதலில் காணாமல்போகும். இதனால்தான் வீக்கம் உள்ள பாடகர் கத்தும்போது நன்றாகக் கேட்பார், தாலாட்டுபோல ஒரு வரி பாடச் சொன்னால் குரல் உடையும். படி 1-இல் மெதுவான பாட்டைக் கேட்டது இதற்காகத்தான்.

முப்பது முதல் ஐம்பது வரை பெரும்பாலான ராக் குரல்கள் தடிப்பது இப்படித்தான். அதற்குப் பிறகு எதிர்த்திசை. குரல்நாண் தசை மெலிகிறது, அதன் மீள்தன்மை குறைகிறது, குரல்வளையின் குருத்தெலும்பு மெல்ல எலும்பாக இறுகுகிறது. ஆண்களில் நாண் மெலிவதால் பேச்சுச் சுருதி முதுமையில் சற்று ஏறும். பெண்களில் மாதவிடாய் நின்ற பிறகு இறங்கும். வயதானால் எல்லாக் குரலும் இறங்கும் என்பது பாதி உண்மைதான்.

நேர்காணல்களில் இதை அளக்க, பிராட்டில் ஒரு நிமிடப் பேச்சை எடுத்து, எல்லைகளை ஆணுக்கு 60-300, பெண்ணுக்கு 100-400 ஹெர்ட்ஸ் என்று வைத்து, சராசரிக்குப் பதில் இடைநிலையை எடுங்கள். நடுவில் வரும் ஒரு சிரிப்பு சராசரியைத் தூக்கிவிடும். இரண்டு ஆண்டுகளின் எண்களை வகுத்து, விகிதத்தின் பதின்ம மடக்கையை 39.86-ஆல் பெருக்கினால் வித்தியாசம் அரை ஸ்வரக் கணக்கில் கிடைக்கும்.

மெல்ல நடக்கும் தேய்மானத்தோடு ஒரே நாளில் நடக்கும் திருப்பங்களும் உண்டு. வரைபடத்தில் இவை சரிவாக இல்லாமல் படிக்கட்டாக விழும். எல்டன் ஜான் 1987 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் குரல்நாண் முடிச்சுகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். எழுபதுகளில் அவர் தாராளமாகப் பயன்படுத்திய கள்ளக்குரல் அதற்குப் பிறகு அரிதாகி, குரல் கனத்தது. 2000-இல் தைராய்டு புற்றுநோய் அறுவைக்குப் பிறகு ராட் ஸ்டூவர்ட் பாடவே மறுபடி பழக வேண்டியிருந்தது. ஜான் பான் ஜோவிக்கு ஒரு பக்கக் குரல்நாண் மெலிந்துபோய், 2022-இல் உள்வைப்பு பொருத்தி அதை நடுவுக்குத் தள்ளினார்கள். ஏரோஸ்மித் குழுவின் பாடகர் ஸ்டீவன் டைலரின் குரல்வளை 2023-இல் காயப்பட்டது. அடுத்த ஆண்டு அந்தக் குழு சுற்றுப்பயணங்களையே நிறுத்தியது. உங்கள் பாடகரின் வாழ்க்கையில் இப்படி ஒரு தேதி இருந்தால், அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு பதிவுகள் கூடுதலாக எடுங்கள்.

சேதமே பாணியாகிவிடுவதும் உண்டு. மரியான் ஃபெயித்ஃபுல் 1964-இல் பாடியது தேவாலயச் சிறுமியின் குரல். 1979-இல் 'பிரோக்கன் இங்கிலிஷ்' ஆல்பத்தில் வருவது சிகரெட்டும் போதையும் தொண்டை அழற்சியும் அறுத்த குரல். இரண்டும் ஒருவர்தான் என்று சொல்லாமல் போட்டுக் காட்டினால் நம்பமாட்டார்கள். அந்த இரண்டாவது குரல்தான் அவரை நிலைநிறுத்தியது.

மேடை நிலவரத்தையும் இங்கேயே சேர்த்துவிடலாம். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தன்னறியாமல் குரலை உயர்த்துவார். 1911-இல் இதை விவரித்த லொம்பார் பெயரால் லொம்பார்ட் விளைவு என்கிறார்கள். 1965-இல் ஷே மைதானத்தில் 55,600 பேர் கத்த, பீட்டில்ஸுக்குத் தாங்கள் பாடுவதே கேட்கவில்லை. காதுக்குள் வைக்கும் மானிட்டர்கள் பரவிய பிறகு அந்தக் கட்டாயம் குறைந்தது. ஐம்பது வயதில் ஒருவர் முப்பது வயதைவிடச் சுத்தமாகப் பாடினால், முதலில் அவர் காதைப் பாருங்கள்.

படி 7: விருப்பமா, கட்டாயமா?

இதற்கு மூன்று கேள்விகள் போதும். விட்டுவிட்ட பழைய குரல் அதே ஆண்டில் வேறெங்காவது வெளிப்படுகிறதா? மாற்றம் கஷ்டமில்லாத நடு ஸ்தாயியிலும் தெரிகிறதா? பின்னாளில் திரும்பப் போக முடிந்ததா?

முதல் கேள்விக்கு ராபர்ட் பிளான்ட்தான் பாடப்புத்தகம். இருபது வயதில் லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தைப் பாடியவர். 2007 அக்டோபரில் அலிசன் க்ராஸுடன் பாடிய 'ரெய்சிங் சாண்ட்' வந்தது. முழுக்கக் கிசுகிசுப்பும் இரட்டைக்குரல் இணக்கமும். அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் லெட் செப்பலின் மறுசந்திப்பு. பல பாடல்கள் அசல் சுருதிக்குக் கீழே இருந்தாலும், 59 வயதில் இரண்டு மணி நேரம் தாங்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், உச்சம் குறைந்தது கட்டாயம், கிசுகிசுப்பு விருப்பம் என்று தனித்தனியாக எழுத முடிகிறது. அந்த ஆல்பத்தை மட்டும் கேட்டவர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருப்பார்.

பாப் டிலன் மூன்றாவது கேள்விக்கானவர். 1969-இல் 'நாஷ்வில் ஸ்கைலைன்' ஆல்பத்தில் மூக்கொலி மறைந்து, உருண்டு திரண்ட இனிய குரல் வந்தது. சிகரெட்டை விட்டதுதான் காரணம் என்றார் அவர். சில ஆண்டுகளில் பழைய மூக்கொலி திரும்பிவிட்டது. திரும்ப முடிகிற மாற்றத்தைத் தேய்மானம் என்று எழுதக் கூடாது.

நடுவே விழும் ஆட்களும் உண்டு. மெட்டாலிகாவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பாட்டுப் பதிவில் குரலைக் கிழித்துக்கொண்டு ஆசிரியரிடம் போனார். அதற்குப் பிறகு வந்த பாடும் தன்மைக்குக் காயமும் காரணம், கற்றதும் காரணம். இங்கே இரண்டு கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு நகருங்கள்.

தாளில் எழுதும்போது

ஒரு பதிவுக்கு ஒரு வரி: தேதி, வயது, கச்சேரியில் எத்தனையாவது பாட்டு, வேகத் திருத்தம், அடித்தந்தியின் ஹெர்ட்ஸ், பாடிய உச்ச ஸ்வரம், அதை யார் பாடியது, வைப்ராட்டோ வேகம், சரணத்துக்கு மூச்சு எண்ணிக்கை, பேச்சுச் சுருதி. தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். காரணத்துக்கான கடைசிக் கட்டத்தைப் பென்சிலில் எழுதுங்கள். புதிதாக ஒரு டேப் கிடைத்தால் முதலில் மாறுவது அதுதான்.

இன்னும் ஒரு கட்டம் வேண்டும்: மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிய விநாடிகள். ஐந்து பதிவுகளிலும் அது எந்த வரியில் நடக்கிறது என்று குறித்துவாருங்கள். முதலில் பல்லவியில் உற்சாகத்துக்காக நீட்டியது, சில பாடகர்களிடம் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்து, சரியாக அந்த உச்ச ஸ்வரத்துக்கு ஒரு சொல் முன்னால் வந்து நிற்கும்.